நீ யார்

கே.கே. நகர் ஸ்கேன் நிலையத்தில்
யூபிஎஸ் கிழடு.
கரண்ட் போய் வந்தால்
சர்வர் எழுந்திருக்கப் பதினோரு நிமிடம்.
ஜெபக்கனி அதை நிமிடத்தில் சொல்வதில்லை,
டோக்கனில் சொல்வார்:
"நாலு டோக்கன் போச்சு மெஹ்ரு."

ஒன்பது டிஸ்க்.
இடைக்கரைகளை உடைத்து ஒரே கண்மாயாக்கி
அதிலிருந்து பிரித்த நானூற்றுப் பன்னிரண்டு வால்யூம்கள்.
மூளைகள், முழங்கால்கள்,
பிறக்காதவர்களின் முதல் படம்.
எந்தத் துண்டு எந்த டிஸ்கில் என்று
யாருக்கும் தெரியவேண்டியதில்லை.
தெரிந்துவைத்திருக்கத்தான் அந்த மென்பொருள்.
அதற்குள் கைவிட்டுத் துழாவுவது
என் சம்பளம்.

கோச்சடை வீட்டு மாடி. ஆனிப் புழுக்கம்.
லாகை வரிவரியாக இறக்கிப் பார்த்தேன்.
முதல் வால்யூமை எழுப்பும் முன்
ஒன்பது டிஸ்கையும் கேட்கிறது: நீ யார்?
ஒன்பதும் சொல்கின்றன.
இரண்டாவது வால்யூம்.
மறுபடி ஒன்பதிடமும்: நீ யார்?
மாட்டுத்தாவணியில் டிக்கெட் எடுத்தவரிடம்
கே.கே. நகர் ஆர்ச்சில் கேட்டு
அண்ணா பஸ் ஸ்டாண்டில் கேட்டு
கோரிப்பாளையத்தில், சிம்மக்கல்லில் கேட்டு
பெரியார் நிலையம் வரும்வரை
கேட்டுக்கொண்டே வரும் கண்டக்டர்.
மூவாயிரத்து எழுநூற்று எட்டுக் கேள்விகள்.
எந்த மகராசன் எழுதிய லூப் இது என்று
பழைய கணக்கைக் கிளறினால்
இரண்டாயிரத்துப் பதினான்கு, மார்ச்,
என் பெயர்.

சரி. ஒருமுறை கேள், நினைவில் வை.
பதினெட்டு வரி போயிற்று, ஆறு வரி வந்தது.
முப்பத்தெட்டு விநாடி.
மிச்சமிருந்த மாம்பழத்துண்டை
நின்றபடியே தின்றேன்.

செவ்வாய்க்கிழமை, சோதனைக்காக
ஓடும்போதே ஐந்தாம் டிஸ்கை உருவிவிட்டு
அதே துளையில் வேறொன்றைச் செருகினேன்.
என் ஆறு வரி
பழைய பெயரையே நம்பிக்கொண்டிருந்தது.
வந்தவன் தலையில்
போனவனின் விலாவெலும்பை எழுதியது.
பிழைச்செய்தி இல்லை.
ஒரு முனகல்கூட இல்லை.
மூன்று இரவு எதை எதையோ மாற்றினேன்.
பாதுகாப்பாக்கினால் பதினோரு நிமிடம்,
வேகமாக்கினால் விலாவெலும்பு.

"அங்கிட்டு உக்காந்தே பார்த்தா எப்படி,
நேர்ல வாம்மா" என்றார் ஜெபக்கனி.
போனேன்.
சாய ஊசி போடும் அறை, கதவு பாதி திறந்திருந்தது.
தனக்கொடி சிஸ்டர் ஊசியும் கையுமாக:
"பேர் சொல்லுங்க."
"இப்பத்தான தாயி சொன்னேன்?
கவுண்டர்ல ஒருக்க,
செருப்பு கழட்டுற எடத்துல ஒருக்க."
"அது இருக்கட்டும். பேர்?"
"ஒச்சம்மா. கருமாத்தூர்."
பிறகுதான் பஞ்சால் துடைத்தாள்.

சிஸ்டர் மறந்துவிடவில்லை.
சீட்டு அவள் இடதுகையிலேயே இருந்தது.
காலையிலிருந்து எல்லாவற்றுக்கும்
அந்தச் சீட்டை நம்பியவள்தான்.
ஊசி தோலைத் தொடும் முன் மட்டும்
நம்பவில்லை.

காத்திருப்போர் நாற்காலியிலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.
பக்கத்தில் ஒரு குழந்தை என் சார்ஜரை இழுத்துக்கொண்டிருந்தது.
படிக்க, எழுப்ப, எண்ண: நினைவு போதும்.
எழுதும் முன் ஒரு கேள்வி,
எழுதப்போகும் அந்த ஒரு டிஸ்கிடம் மட்டும்.
பதில் பொருந்தவில்லையா,
கையை எடு. நினைவை அழி.
முதலிலிருந்து கேள்.

நாற்பத்தொரு விநாடி.
"அந்த மூணையும் கழிச்சிட முடியாதா?"
துளசிராம் சார் மீட்டிங்கில் கேட்டார்.
முடியும் சார், என்றேன்.
கழிக்கவில்லை.

சனிக்கிழமை அங்கே கரண்ட் போய் வந்தது.
டிவியில் நகைக்கடை விளம்பரம் முடிவதற்குள்
திரைகள் வந்துவிட்டன.
நிமிர்ந்து பார்க்கவும் ஆளில்லை.
மதியம் போன்:
"என்ன மெஹ்ரு, ஏதாச்சும் நட்டு கழண்டுருந்துச்சா?"
"ஆமா சார். இறுக்கிட்டேன்."
"நல்லது. இந்தப் பிரிண்டரையும்
ஒருக்க என்னன்னு பாரேன்."